குலுக்கலில் விழுந்த வீடு: கோபே நிலநடுக்கத்துக்குப் பின் காது கொடுத்தவர்கள்

ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்குத் தற்காலிக வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கும் முன்னுரிமை. குலுக்கல் என்பதால் பாரபட்சம் என்று யாரும் வாய் திறக்க முடியாது. நம் ஊரில் இப்படி நடந்தால் மாவட்ட நிர்வாகத்தைப் பாராட்டி நாலு பேர் எழுதுவார்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளில் அந்தத் தற்காலிக வீடுகளில் 233 பேர் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் செத்துப்போனார்கள். சிலர் இறந்தது பல நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

பேரிடரில் வீடிழந்த குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்வது எப்படி என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் குலுக்கலைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். என்ன பேசலாம், எப்படித் தலையாட்டிக் கேட்கலாம் என்பதெல்லாம் அப்புறம். அவர்களை எங்கே, யார் பக்கத்தில் குடிவைத்தார்கள் என்பதிலேயே பாதி ஆறுதல் கிடைத்துவிடும், அல்லது கெட்டுவிடும். கோபேயில் கெட்டது. கெட்டதைச் சரிசெய்ய அங்கே சிலர் என்ன செய்தார்கள் என்பதே இந்த ஆய்வு.

இருபது விநாடியும் ஐந்து ஆண்டும்

1995 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை, அதிகாலை 5:46. ஜப்பான் வானிலை முகமையின் அளவில் 7.3. பலமாகக் குலுங்கியது இருபது விநாடிக்குள்தான். இறந்தவர்கள் 6,434 பேர். பெரும்பாலோர் கனமான ஓட்டுக்கூரை போட்ட பழைய மர வீடுகள் சரிந்து, படுத்த படுக்கையிலேயே நசுங்கியவர்கள். பாதிக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ஏறத்தாழ 1,05,000 கட்டடங்கள் முழுமையாக இடிந்தன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பள்ளிக்கூடங்களிலும் பூங்காக்களிலும் தங்கினார்கள். ஜனவரி அங்கே கடுங்குளிர்.

நகாடா என்ற பகுதி அன்று தீயிலும் வெந்தது. செருப்புப் பட்டறைகளும் ஒட்டி ஒட்டிக் கட்டிய மர வீடுகளும் நிறைந்த, உழைப்பாளிகள் வாழ்ந்த இடம் அது. குளிப்பதற்குப் பொதுக் குளியல் கூடம், கடன் சொல்லிச் சாமான் வாங்கத் தெருமுனைக் கடை, இடிபாட்டுக்குள் யார் எந்த அறையில் தூங்கியிருப்பார் என்று சொல்லத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர். இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றியது மீட்புப் படை அல்ல, குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான்.

அந்த அக்கம்பக்கத்தைத்தான் குலுக்கல் கலைத்தது. கோபே அடங்கிய ஹியோகோ மாகாணத்தில் 48,300 தற்காலிக வீடுகள் கட்டினார்கள். நகருக்குள் காலி இடம் இல்லாததால் பலவற்றைக் கடலை நிரப்பி உருவாக்கிய தீவுகளிலும், நகரின் மேற்கே மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய புறநகர் மனைகளிலும் வைத்தார்கள். வழக்கமான ஒரு வீட்டின் அளவு 26 சதுர மீட்டர், நம் கணக்கில் 280 சதுர அடி. தகடும் பலகையும் சேர்த்துப் பூட்டிய வீடு. வெயில் காலத்தில் கொதிக்கும், குளிர் காலத்தில் சுவரில் நீர் வழியும். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். வாசலில் சரளைக் கல், சக்கர நாற்காலி நகராது.

முன்னுரிமை யாருக்கு என்று பாருங்கள். வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள். அவர்களே முதலில் கிளம்பிப் போனார்கள். ஆக, கை கொடுக்க ஆள் தேவைப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். கை கொடுக்கக்கூடியவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். இருபது ஆண்டு பழகிய பல் மருத்துவர், குளியல் கூடத்துத் தோழிகள், கோயிலில் மூதாதையருக்குச் சடங்கு செய்துவைக்கும் துறவி எல்லோரும் சுரங்க ரயிலில் அரை மணி நேரத் தொலைவுக்கு அப்பால். அதற்கு முன்னே பேருந்து வேறு பிடிக்க வேண்டும்.

இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பலவீனமானவர்களுக்கு முதலில் கூரை கிடைக்கட்டும் என்று நினைத்தவர்கள் நல்ல மனசோடுதான் நினைத்தார்கள். குடும்பத்துக்கு ஒரு வீடு என்று எண்ணினார்கள், தெருவுக்கு ஒரு இடம் என்று எண்ணவில்லை.

கூடாரம் போட்ட செவிலியர்

மேற்குப் புறநகரில் செய்ஷின் 7 என்ற தற்காலிகக் குடியிருப்பில் 1,060 வீடுகள். கிட்டத்தட்ட ஒரு கிராமம். அங்கே 1995 கோடையில் ஒரு கூடாரத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் குரோதா யூகோ. அப்போது ஐம்பத்து நான்கு வயது. பக்கத்து நகரான தகராசுகாவின் நகராட்சி மருத்துவமனையில் துணைத் தலைமைச் செவிலியராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். நான்கு ஆண்டுகளுக்கும் மேல், அந்தக் குடியிருப்பு காலியாகும்வரை இருந்தார். இரவிலும் ஆள் இருக்கும்படி இருபத்து நான்கு மணி நேரக் காவல் மாதிரி நடத்தினார்.

அவரும் அவரைப் போல மற்றக் குடியிருப்புகளில் வேலை செய்தவர்களும் பழக்கிக்கொண்ட முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். காலையில் சரளைப் பாதையில் ஒரு சுற்று. நேற்றைய செய்தித்தாள் இன்னும் பெட்டியில் இருக்கிறதா? துவைத்த துணி இரவெல்லாம் கொடியிலேயே கிடந்ததா? பகலில் திரை விலகியதா? மின்மீட்டரின் சக்கரம் எந்த வேகத்தில் சுற்றுகிறது? வாசலில் அடுக்கிய குப்பைப் பையில் சாப்பாட்டு மிச்சம் இருக்கிறதா, வெறும் சாராயப் பாட்டில்களா? இதில் எதற்கும் பேச்சே தேவையில்லை. ஆனால் கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளே இருப்பவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

கதவு திறந்தால் உடனே நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்பதில்லை. சாப்பிட்டாச்சா, இரவில் கால் வலி எப்படி, மருந்து தீர்ந்ததா என்று பேச்சு போகும். திறக்காவிட்டால் நாளைக்கு மறுபடி. திட்டி அனுப்பினாலும் நாளைக்கு மறுபடி. செவிலியராக இருந்ததில் ஒரு வசதி, உடம்பைச் சாக்கு வைத்து எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். உள்ளே போனால் குளிர்சாதனப் பெட்டியின் நிலை தெரியும், படுக்கை எத்தனை நாளாக மடிக்கப்படவில்லை என்பது தெரியும்.

மனநல மருத்துவர்களும் இதே பாடத்தை வேறு வழியில் கற்றார்கள். நாடெங்குமிருந்து வந்த மனநல மருத்துவர்களைக் கோபேயில் ஒருங்கிணைத்தவர்களில் முக்கியமானவர் கோபே பல்கலைக்கழக மருத்துவமனையின் அன் கட்சுமாசா. அப்போது முப்பத்து நான்கு வயது, அவரும் அதே நகரில் நடுக்கத்தில் சிக்கியவர். பள்ளிக்கூட முகாமில் மனநல ஆலோசனை என்று பலகை வைத்து மேசை போட்டால் யாரும் வருவதில்லை. பக்கத்துப் பாயில் இருப்பவர் பார்க்க, அந்த மேசைக்கு யார் நடந்து போவார்? பொது மருத்துவர்களோடும் சுகாதாரச் செவிலியர்களோடும் சேர்ந்து பாய் பாயாகப் போனால் பேச்சு வந்தது. ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்து இறக்கும் அந்த ஒரு நிமிடத்தில், தூக்கம் வருகிறதா என்று கேட்டால் யாருக்கும் தப்பாகத் தோன்றாது. வருவதில்லை என்பார். அங்கிருந்து தொடங்கும். அன் தன் முப்பத்தொன்பதாம் வயதில், 2000 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார்.

என்ன பேசினார்கள்

உதவிக்குப் போகிறவர்கள் பலர் நினைப்பது, வீடிழந்தவர் அந்த இருபது விநாடியைப் பற்றிச் சொல்லிக் கொட்டி அழ வேண்டும், அப்போதுதான் மனசு ஆறும் என்று. 1990களில் நிபுணர்களிலும் பலர் அப்படித்தான் நம்பினார்கள். நடந்ததை ஒரே அமர்வில் விவரமாகச் சொல்லவைக்கும் முறை உலகெங்கும் பரவியிருந்தது. பிறகு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அதனால் பின்னாளைய மனப் பாதிப்பு குறையவில்லை, சிலருக்குக் கூடியும் இருக்கலாம் என்று தெரிந்தது. 2011ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலை சொல்கிறது: பார், கேள், இணைத்துவிடு. நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே என்று தெளிவாகவே எச்சரிக்கிறது.

சரி, கோபேயில் மக்கள் பேசியது என்ன? வங்கிக் கடன் பற்றிப் பேசினார்கள். இடிந்துபோன வீட்டுக்கு வாங்கிய கடனின் தவணை நிற்கவில்லை. புதிதாக வீடு கட்ட வேண்டுமானால் இன்னொரு கடன். இல்லாத வீட்டுக்கும் தவணை, கட்டாத வீட்டுக்கும் தவணை. பட்டறை எரிந்ததில் வேலை போனது, நிலத்தின் சொந்தக்காரர் வாடகைக்காரரை மறுபடி சேர்க்க மறுப்பது, இடிபாட்டில் தொலைந்த மூதாதையர் நினைவுப் பலகை. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது என்று சொல்லிவிட்டு வந்தால் அது என்ன ஆறுதல்? துக்க வீட்டுக்குப் போகிறவர் வாசலில் உட்கார்ந்து தலைகுனிந்து இருப்பது முதல் நாள் சரி. மூன்றாம் நாளிலிருந்து யார் தண்ணீர் தூக்குகிறார், யார் காரியச் செலவுக்குக் கை கொடுக்கிறார் என்றுதான் நம் சனம் பார்க்கும்.

கேட்டதைச் சிலர் வெளியே எடுத்துப் போனார்கள். அன்றைய ஜப்பானில் வீடு என்பது தனியார் சொத்து, அதற்கு அரசுப் பணம் கொடுக்க முடியாது என்பது அரசின் நிலை. கோபேக்காரர்களுக்குக் கையில் கிடைத்தது மக்கள் கொடுத்த நன்கொடையிலிருந்து பங்கு, முதல் தவணையில் குடும்பத்துக்கு ஒரு லட்சம் யென். கேட்க நிறையத் தோன்றும், ஆனால் டோக்கியோவில் ஒரு மாத வாடகைக்குச் சரி. இதை மாற்றக் கோரி எழுத்தாளர் ஓதா மகோதோ போன்றவர்கள் தெருவில் இறங்கினார்கள். கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளிட்ட அமைப்புகள் நாடு முழுக்கச் சுமார் இரண்டரைக் கோடிக் கையெழுத்து திரட்டின. 1998 மே மாதம், வீடிழந்த குடும்பத்துக்கு அதிகபட்சம் பத்து லட்சம் யென் கொடுக்கும் சட்டம் வந்தது. 2004ல் அது முப்பது லட்சம் ஆனது. 2007ல் அந்தப் பணத்தை வீடு கட்டவே செலவழிக்கலாம் என்று திருத்தினார்கள். இந்தச் சட்டம் முன்தேதியிட்டு வரவில்லை. போராடி வாங்கிய கோபேக்காரர்களுக்கு அதன்படி ஒரு யென்கூடக் கிடைக்கவில்லை; மீட்பு நிதியத்திலிருந்து அதையொத்த உதவி ஒன்றைத் தனியாகக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

வெந்நீரில் கால்

கோபேயில் தொடங்கி இன்றுவரை ஜப்பானில் பேரிடர் நடக்கும் இடமெல்லாம் போகும் ஒரு வழக்கம் உண்டு. செலவு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் வெந்நீரும்தான். முகாமில் இருப்பவரை நாற்காலியில் உட்காரவைத்து, நாற்பது டிகிரிக்குச் சற்று மேல் சூடான நீரில் கணுக்கால் மூழ்க வைக்கிறார்கள். கல்லூரி மாணவர் ஒருவர் எதிரே தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து, விரல்களிலிருந்து முழங்கை வரை மெல்லப் பிடித்துவிடுவார். பத்து நிமிடம். ஆறினால் இன்னும் கொஞ்சம் சூடு ஊற்றுவார். அவர் கேட்கும் கேள்வி, சூடு போதுமா என்பது ஒன்றுதான்.

இதில் நான் ரசிப்பது உட்காரும் முறை. கேட்பவர் கீழே, பேசுபவர் மேலே. முகாமில் உணவுப் பொட்டலத்துக்கும் போர்வைக்கும் குனிந்து குனிந்து நன்றி சொல்லிச் சலித்தவருக்கு, ஒருவர் தன் காலடியில் உட்கார்ந்திருப்பதே வேறு மாதிரி இருக்கும். கண்ணுக்குக் கண் பார்த்துப் பேச வேண்டிய சங்கடமும் இல்லை, இருவரும் தண்ணீரையோ கையையோ பார்த்துக்கொண்டிருக்கலாம். வாய் திறக்காமல் பத்து நிமிடம் கழித்து எழுந்து போனாலும் யாருக்கும் ஏமாற்றம் இல்லை.

பேசினால், மாணவர் அதை அப்புறம் ஒரு சீட்டில் அப்படியே எழுதிவைப்பார். முழங்கால் வலி, மகன் தொலைவில் இருக்கிறான், குளியல் தொட்டியின் விளிம்பு உயரமாக இருக்கிறது, கால் தூக்க முடியவில்லை. ஒரு வீட்டில் விளிம்பு உயரம் என்றால் அந்த வரிசை முழுக்க அதே கதைதான். எழுதிய சீட்டுகளைச் சேர்த்துப் படித்துச் செவிலியரிடமும் நகராட்சியிடமும் கொண்டுபோவார்கள். 2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கில் இப்படி ஆயிரக்கணக்கான சீட்டுகள் சேர்ந்தன, ஆய்வாளர்கள் அவற்றை வகைப்படுத்திப் படித்தார்கள்.

கால் கழுவிவிடுவதை நம் ஊரில் அப்படியே செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. அந்நியர் தொட்டால் நம் பெண்களில் பலருக்குக் கூச்சம், சாதிப் பேச்சும் உள்ளே நுழைந்துவிடும். இங்கே அதற்குச் சமமானது முகாமில் காய்கறி நறுக்கும் இடமாகவோ குழாயடியாகவோ இருக்கலாம்.

ஆண்களின் கதை தனி. தற்காலிகக் குடியிருப்புகளில் தேநீர் கூடுகைகள் நடந்தன, பெரும்பாலும் பெண்களே வந்தார்கள். தனியாகச் செத்தவர்களில் ஆண்களே மிக அதிகம். ஐம்பது, அறுபது வயதுகளில், வேலை போய், குடும்பம் இல்லாமல், குடித்து ஈரல் கெட்டவர்கள். இதைக் கோபேயின் மேற்குப் புறநகர்க் குடியிருப்பு ஒன்றுக்குள்ளேயே சிகிச்சை நிலையம் திறந்த மருத்துவர் நுகாதா இசாவோ எடுத்துக் காட்டினார். இவர்கள் அறுபத்தைந்து தாண்டவில்லை, எனவே முதியோர் கவனிப்புப் பட்டியலில் இல்லை. ஆறுதலுக்கு ஏங்கும் முகமும் இல்லை. கதவைத் தட்டினால் கோபப்படுவார்கள். இவர்களை வெளியே வரவைத்தது தேநீர் அல்ல, வேலை. அலமாரி மாட்ட வேண்டும், வாசலுக்குப் படி அடிக்க வேண்டும், இரவுச் சுற்றுக்கு ஆள் வேண்டும் என்று அவர்களிடம் உதவி கேட்டால் வந்தார்கள்.

ஊரோடு நகர்ந்த ஊர்

2004 அக்டோபர் 23ல் நீகாத்தா மாகாணத்தில் நிலநடுக்கம். யமகோஷி என்ற மலைக் கிராமத்துக்குப் பாதைகள் எல்லாம் சரிந்து அடைபட, சுமார் 2,200 பேரையும் ஹெலிகாப்டரில் இறக்கி நகாவோகா நகருக்குக் கொண்டுவந்தார்கள். வந்து இறங்கிய வரிசையில் முகாம்களில் தங்கினார்கள், கலந்துபோனார்கள். சில நாளில் நிர்வாகம் அவர்களை மறுபடி குக்கிராமம் குக்கிராமமாகப் பிரித்து முகாம்களை மாற்றியது. தற்காலிக வீடுகளையும் அதே வரிசையில் ஒதுக்கினார்கள். கோபேயைப் பார்த்துக் கற்றது இது. அப்படியும் வீடு வீடாகப் போய்வரச் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்தார்கள். ஊர் சேர்ந்திருந்தால் போதும் என்று விட்டுவிடவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 26ல் ஆழிப்பேரலை தாக்கிய நாகப்பட்டினத்தில் யாரும் கோபேயைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நின்றன. தற்காலிகக் கொட்டகைகளும் பின்னால் நிரந்தர வீடுகளும் பெரும்பாலும் ஊர் ஊராகவே அமைந்தன. பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உள்ளூர் ஆட்களுக்கே கேட்கவும் தேற்றவும் பயிற்சி கொடுத்ததற்கு இது வசதியாக அமைந்தது. ஆனால் ஊர் என்றால் யாரெல்லாம் ஊர் என்ற கேள்வியும் கூடவே வந்தது. படகு இல்லாத கூலிகள், தலித் குடியிருப்புகள், கணவனை இழந்து தனியாக நின்ற பெண்கள் ஆகியோரின் பெயர் நிவாரணப் பட்டியலில் விடுபட்ட புகார்கள் ஏராளம். குலுக்கலுக்கு உறவு தெரியாது, பஞ்சாயத்துக்கு உறவு மட்டுமே தெரியும். இரண்டுக்கும் வெளியே நிற்பவரின் கதவைத் தட்ட யாராவது ஒருவர் வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாடி அடுக்குகள், வேலையும் பள்ளியும் வெகு தூரத்தில், யாருக்கு எந்த மாடி என்று குலுக்கல். செய்ஷினைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

இரும்புக் கதவு

கோபேயின் தற்காலிக வீடுகள் 2000 ஜனவரியில் முழுமையாகக் காலியாயின. மக்கள் அரசு கட்டிய மீட்புக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். உயர்ந்த அடுக்குமாடிகள், நல்ல குளியலறை, மின்தூக்கி. மறுபடி குலுக்கல். ஐந்து ஆண்டில் மெல்லச் சேர்ந்திருந்த புதுப் பழக்கங்களும் இன்னொரு முறை அறுந்தன. தகட்டுச் சுவருக்கு ஒரு நல்ல குணம் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது: இருமல் கேட்டது, விழுந்தால் சத்தம் கேட்டது. கான்கிரீட் சுவருக்கும் இரும்புக் கதவுக்கும் பின்னால் எதுவும் கேட்கவில்லை. மீட்டர் வெளியே தெரிந்தாலும், பதினோராம் மாடி வரை யார் தினமும் ஏறிப் பார்ப்பார்? இந்தக் குடியிருப்புகளில் தனியாக இறந்தவர்களின் எண்ணிக்கை இதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. தற்காலிக வீடுகளில் இறந்தவர்களைப் போல நான்கு மடங்குக்கு மேல்.

குரோதா 2011க்குப் பின் தன் குழுவோடு கெசன்னுமா என்ற கடற்கரை நகரின் தற்காலிகக் குடியிருப்பில் அதே வேலையைத் தொடங்கினார். 2014 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார்.

கோபே நகராட்சி மீட்புக் குடியிருப்புகளில் ஒரு பகுதியைச் சொந்தமாகக் கட்டாமல், வீட்டுவசதி நிறுவனத்திடமிருந்தும் தனியாரிடமிருந்தும் இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தது. 2016 தொடங்கிக் குத்தகைகள் ஒவ்வொன்றாக முடிந்தன, காலி செய்யுங்கள் என்றார்கள். எண்பத்தைந்து வயது நிறைந்தவர்கள், கடுமையான மாற்றுத்திறனாளிகள், அதிகப் பராமரிப்பு தேவைப்படுவோர் மட்டும் தொடர்ந்து இருக்கலாம். மறுத்தவர்கள்மேல் நகராட்சி வழக்குப் போட்டது. மாற்று வீடு தருகிறோமே என்பது நகராட்சியின் வாதம். இந்த வயதில் இன்னொரு இடத்தில் யாரைத் தெரியும் என்பது குடியிருந்தவர்களின் வாதம். நீதிமன்றங்களில் நகராட்சி வென்றது.